இடத்தைத் தேரும் கல்வி
(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

புவியியல் கல்வி பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் நிலப்படத்தைக் கொடுத்துப் பாலாற்றைக் குறிக்கச் சொன்னால், நம் பிள்ளைகள் குறித்துவிடுவார்கள். அந்த ஆறு கடலில் கலக்கும் இடத்திற்கு அணித்தான இப்புதுப்பட்டினத்தில் எங்கே வீடு கட்டலாம், எங்கே கட்டலாகாது என்று கேட்டால் என் செய்வார்கள்? இடத்தைக் குறிப்பது வேறு. இடத்தைத் தேர்வது வேறு.

இங்கிலாந்தில் 1976-ஆம் ஆண்டு தொடங்கிய மேல்நிலைப் புவியியல் திட்டம் ஒன்று, முடிவெடுக்கும் திறனையே தேர்வுக்குரிய பொருளாக்கிற்று. நிலப்படம், புள்ளிவிவரம், பல தரப்பினரின் கருத்து ஆகியவற்றை மாணவர் கையில் கொடுத்து, 'எதனைத் தேர்வாய்? ஏன்?' என்று வினவுவது அம்முறை.

அதனை நம் கடற்கரைக்குப் பொருத்திப் பார்ப்போம். ஐம்பது குடும்பங்களுக்கு மனை வேண்டும். மூன்று இடங்கள் உள்ளன என்று கொள்வோம். முதலாவது, கடலோர மணல்வெளி. கடல்தொழில் செய்வோர்க்கு வசதி. ஆயினும், 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை புகுந்த கரை அது. 1991 முதல் கடலோரக் கட்டடங்களுக்குச் சட்டக் கட்டுப்பாடும் உண்டு. இரண்டாவது, பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டிய தாழ்நிலம். விலை குறைவு, ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் தேங்கும். மூன்றாவது, தொலைவிலுள்ள மேட்டுநிலம். வெள்ளம் அணுகாது; பள்ளிக்கும் வேலைக்கும் நெடுந்தூரம்.

இவ்வினாவிற்கு ஒரே விடை இல்லை. பின் மதிப்பெண் எதற்கு? எந்தச் சான்றைக் காட்டினார், யாருக்கு இழப்பு நேரும் என எண்ணினார், அவ்விழப்பை ஈடுசெய்ய என்ன வழி கூறினார் என்பவற்றிற்கே. ஆசிரியர் மனத்திலுள்ள விடையை ஊகித்துச் சொல்லும் பிள்ளையைவிட, காரணம் காட்டி மாறுபடும் பிள்ளைக்கே மிகுந்த மதிப்பெண் உரியது.

இது நமக்கு ஏன் இன்றியமையாதது? 1891-இல் செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் அரசுக்கு அளித்த அறிக்கையில், நம் முன்னோர் குடியிருந்த மனைகூட அவர்க்கு உரிமையுடையதன்று என்ற உண்மை வெளிப்பட்டது. அதன் பயனாக 1892-இல் பஞ்சமி நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. தலைமுறை தலைமுறையாக நாம் வாழும் இடத்தைப் பிறரே முடிவு செய்தனர். இன்று கிராமசபையில் பேச நமக்கு உரிமை உண்டு. ஆனால், 'எங்கள் தெருவுக்கு நீர்த்தொட்டி வேண்டும்' என்று கேட்பது மட்டும் போதாது. எங்கே வேண்டும், அங்கே ஏன் வேண்டும் என்பதை நிலப்படத்தை விரித்துக் காட்டிச் சொல்பவரின் கோரிக்கையை எளிதில் தள்ளிவிட இயலாது.

ஆகவே, நம் மாலை வகுப்புகளில் மாதம் ஒரு முறை இத்தகைய வினா ஒன்றை வைக்குமாறு வேண்டுகிறேன். பிள்ளைகள் தெருத்தெருவாக நடந்து பள்ளம், மேடு, கிணறு, சுடுகாட்டுப் பாதை ஆகியவற்றைத் தாமே படமாக வரையட்டும். முதியோரை அணுகி, வெள்ளம் எதுவரை வந்தது எனக் கேட்டெழுதட்டும். பெண் பிள்ளைகளின் கருத்தும் பேரேட்டில் ஏறட்டும். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஆசிரியரின் பொறுமையே தேவை.