ஊர்த் திட்டமும் ஊரார் வாக்கும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிராமசபையைப் பற்றிச் சில சொல்லுமாறு காரியதரிசியவர்கள் பணித்தார்கள். நம்மவர் பலர் அதனை ஒரு சடங்கென்றே எண்ணியிருக்கின்றனர். அஃதன்று. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அச்சபையின் அங்கத்தினர் ஆவர். ஊரின் வளர்ச்சித் திட்டம் அவர்கள் முன் வைக்கப்பட்டு ஒப்புதல் பெறுதல் வேண்டும். முன்னர் ஆண்டுக்கு நான்கு முறை கூடியது. 2022 முதல் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய இரு நாட்களும் சேர்ந்து ஆறாயிற்று.

இவ்வளவு இருந்தும், ஊராரைக் கூட்டிக் கருத்தறிதல் எளிதாயில்லை. சபை கூடுவது பெரும்பாலும் முற்பகலில். விடுமுறை நாள்தானே என்பீர்கள். மாதச் சம்பளம் பெறும் எம்மனோர்க்கு அது விடுமுறை. நாற்று நடுபவளுக்கு ஒரு நாட்கூலி நட்டம். வந்தாலும், முன்வரிசையில் நாற்காலியிட்டு அமர்ந்திருப்போர் முன்னிலையில் அவள் எழுந்து பேசுவாளா? ஆகவே வருகைப் பதிவேட்டில் கையொப்பம் நிறைகின்றது, கருத்து நிறைவதில்லை.

மற்றொன்று. பதினாயிரம் ஜனங்களுக்கு மேற்பட்ட ஊராட்சியிலும் 300 பேர் வந்தாற் போதும், சபை செல்லுபடியாம். ஒரு வகுப்பார் முனைந்தால் இத்தொகையைத் தாமே நிரப்பிவிடலாம். வரும் சபைக்கு நம்மவர் ஒருமுகமாகத் திரண்டு செல்ல வேண்டுமென்று சென்ற மாதம் இம்மண்டபத்தில் சிலர் பேசினர். திரண்டு செல்லுதல் நன்றே. ஆனால் முதல்நாளிரவே இங்குத் தீர்மானம் எழுதி மடியில் முடிந்துகொண்டு செல்வதை யாம் வெளிப்படையாக மறுக்கின்றோம். நம் தெருவுக்கு இரண்டாம் முறை சிமெண்டுத் தளம் இட்டு, காலனியின் கடைசிக் குழாயில் நீர் வாராதிருப்பின், அதற்கு ஊர்த் திட்டமென்று பெயரிடுவதெங்ஙனம்? இது சிலருக்குக் கசக்கலாம்; கசப்பினும் சொல்லுதல் ஆசிரியன் கடன்.

கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தை நோக்குக. இராச்சியத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளூர் மன்றங்களுக்கு ஒதுக்கினர். அங்கே ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கிராமசபை. வந்தோர் குடிநீர், வேளாண்மை, கல்வி என விஷயவாரியாகச் சிறு சிறு குழுக்களாய் அமர்ந்து பேசினர். பெருங்கூட்டத்தில் வாய் திறவாதார் பதின்மர் நடுவே பேசுவர் என்பது வகுப்பறையிலும் யாம் கண்டதே. அங்கும் நாளடைவில் வருகை குறைந்ததென்பர். முறை மட்டும் போதாது போலும்.

நம்மால் இயல்வது யாது? சபைக்கு ஒரு வாரம் முன்பு, விளக்கேற்றும் பொழுதில், தெருத்தெருவாகச் சென்று உட்காருதல். தரையிற் கோலப்பொடியால் ஊரை வரைந்தால், எழுத்தறியா மூதாட்டியும் நீர் தேங்குமிடத்தை விரலால் தொட்டுக் காட்டுவாள். பொறியாளர் வரைபடத்தில் அது இராது. அவ்வாறு கேட்டதை எழுதி, அவர்களுக்கே படித்துக் காட்டுதல் வேண்டும். கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாது போனால் மறுமுறை ஒருவரும் கதவு திறவார். எது திட்டத்திற் சேர்ந்தது, எது சேரவில்லை, சேராமைக்குக் காரணம் யாது என்பதைத் திரும்பச் சென்று சொல்லல் அதனினும் கடினம். பலரும் அங்கேதான் நழுவுகின்றனர்.

வரும் அக்டோபர் 2ஆம் நாள் சபையில், புதிய தீர்மானங்களுக்கு முன்னர்ச் சென்ற சபையின் தீர்மானங்களை உரக்கப் படிக்குமாறு கேட்க எண்ணியுள்ளோம். காலனிக் குழாயைப் பற்றிக் கேட்பதும் அதில் அடங்கும். நம் சங்கத்தாரில் எத்துணைப் பேர் அப்பொழுது உடன் எழுந்து நிற்பீர்கள் என்பதை இன்றே அறிய விரும்புகின்றோம்.