சிரிப்பில் உடைந்த மனம்

படக்கதையில் ஒருவனுடைய புத்தி பேதலித்து அவன் வில்லனாவது தமிழ் வாசகர்களுக்குப் பழகிய கதைதான். இரும்புக்கை மாயாவி பிறந்ததே அப்படித்தான். 1962-ல் லண்டனின் வேலியன்ட் வார இதழில் தொடங்கிய மூலக் கதையில் லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தில் வலக்கை போய், அந்த இடத்தில் இரும்புக்கை பொருத்தப்படுகிறது. பிறகு ஒருநாள் உடலில் மின்சாரம் பாய்கிறது. இரும்புக்கை மட்டும் தெரிய, மற்ற உடல் முழுதும் மறைந்துபோகிறது. கண்ணுக்குத் தெரியாதவன் யாருக்குப் பயப்பட வேண்டும்? கொள்ளையடிக்கிறான், ஊரை மிரட்டுகிறான். விபத்து அவன் மூளையைக் கலக்கிவிட்டது என்று சொல்லிக் கதை பின்னால் அவனை மன்னித்து, உளவாளியாக்கி, நாயகனாக உயர்த்துகிறது. ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹேசுஸ் பிளாஸ்கோ வரைந்த இந்த மாயாவிதான் 1972-ல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழில் தமிழ் பேசினான். 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸ் வழியே வந்த ஸ்பைடரோ, குற்ற உலகின் சக்கரவர்த்தியாக வேண்டும் என்றே கிளம்பியவன். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் அவனுக்குப் பல கதைகள் எழுதியிருக்கிறார்.

மாயாவியின் கதை ஒரே தாவலில் கடந்துபோன இடத்தில் நின்று, உள்ளே இறங்கிப் பார்த்த படைப்பு, 1988-ல் அமெரிக்காவின் டிசி நிறுவனம் வெளியிட்ட பேட்மேன் நூலான தி கில்லிங் ஜோக். எழுதியவர் ஆலன் மூர், வரைந்தவர் பிரையன் போலண்ட். இருவரும் இங்கிலாந்துக்காரர்கள். ஐம்பது பக்கம்கூட இல்லாத சிறு நூல். அதன் மையத்தில் இருப்பவன் பேட்மேனின் தீராப் பகைவன் ஜோக்கர். சுண்ணாம்பாய் வெளுத்த முகம், பச்சைத் தலைமுடி, வாய்விட்டு அகலாத சிரிப்பு. 1940-ல் இந்தப் பாத்திரம் உருவானபோது அந்த முகத்துக்கு முன்மாதிரியாக இருந்தது, விக்டர் ஹியூகோவின் நாவலைத் தழுவிய 1928-ம் ஆண்டுப் படம் ஒன்றில் கான்ராட் வைட் போட்ட வேடம்.

மூர் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஓர் ஏழையை நிறுத்துகிறார். மாயாவியைப் போலவே அவனும் ஒரு காலத்தில் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். அந்த வேலையை விட்டுவிட்டு மேடையில் நகைச்சுவை செய்யப் போனான். யாரும் சிரிக்கவில்லை. வீட்டில் கர்ப்பிணி மனைவி, கொடுக்க முடியாத வாடகை. பணத்துக்காகத் திருடர்களுக்கு வழிகாட்டச் சம்மதிக்கிறான். திருட்டு நடக்க வேண்டிய அன்றே மனைவி விபத்தில் இறந்துபோகிறாள். இனிப் பணம் எதற்கு என்று விலகப் பார்த்தால் திருடர்கள் விடவில்லை. அன்றிரவு பேட்மேனுக்குப் பயந்து ரசாயனக் கழிவுநீரில் குதித்தவன், வெளுத்த முகத்தோடு கரையேறித் தன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்குகிறான்.

ஒரே ஒரு கெட்ட நாள் போதும், எந்த மனிதனும் தன்னைப் போல ஆகிவிடுவான் என்பது ஜோக்கரின் வாதம். அதை நிரூபிக்கக் காவல் ஆணையர் கோர்டனின் மகள் பார்பராவைச் சுடுகிறான். தந்தையைக் கடத்திப்போய், மகள் குண்டடிபட்டுக் கிடக்கும் படங்களைக் காட்டி வதைக்கிறான். கோர்டன் உடையவில்லை. அவனைச் சட்டப்படியே பிடிக்க வேண்டும் என்று பேட்மேனிடம் சொல்லும் அளவுக்கு நிதானம் அவரிடம் மிஞ்சியிருக்கிறது. ஜோக்கர் தோற்கும் இடம் இதுதான். போலண்டின் ஓவியமும் இந்த வாதத்துக்குத் துணைபோகிறது. இன்றைய காட்சியில் ஒருவர் நிற்கும் நிலையே அடுத்த கட்டத்தில் பழைய நினைவின் முதல் காட்சியாக மாறுகிறது. 2008-ல் அவரே புதிதாக வண்ணம் தீட்டியபோது பழைய நினைவுகளைச் சாம்பல் நிறத்தில் வைத்து, ஆங்காங்கே ஒரு பொருளை மட்டும் சிவப்பாக்கினார்.

நூலின் குறையும் சிறியதல்ல. ஓர் ஆணின் மனதைச் சோதிக்க ஒரு பெண்ணின் உடலைக் கருவியாக்கியது அநியாயம். மூரே பின்னாளில் இந்த நூலைக் குறைத்துத்தான் பேசினார். அடுத்து வந்த எழுத்தாளர்கள் பார்பராவைச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே கணினி வழியாகக் குற்றங்களைத் துப்பறியும் ஆரக்கிள் ஆக்கி, அவளுக்குரிய மரியாதையைத் திருப்பிக் கொடுத்தார்கள். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஜோக்கரின் வெறி மருத்துவம் அறிந்த எந்த மனநோயும் ஆகாது. மனநலம் குன்றியவர்களில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்யாதவர்கள். அவர்கள்தான் அதிகமும் பிறரிடம் அடிபடுகிறார்கள்.

வில்லனின் மனம் எங்கே உடைந்தது என்ற கேள்வியைத் தெருக்கூத்து நெடுங்காலமாகக் கேட்டு வருகிறது. காரிமங்கலம் வட்டாரம் உட்பட தருமபுரி மாவட்டத்தில் திரௌபதி அம்மன் கோயில்களை ஒட்டி மகாபாரத விழா நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து, நிறைவாகத் துரியோதனன் படுகளம். மயன் கட்டிய மண்டபத்தில் தரை என்று நினைத்துத் தண்ணீரில் கால் வைத்து விழுகிறான் துரியோதனன். அதைக் கண்டு பாஞ்சாலி சிரித்துவிடுகிறாள். கூத்து மரபில் சூதாட்டத்துக்கும் துகிலுரிதலுக்கும் அந்தச் சிரிப்பு ஒரு விதை. ஜோக்கரோ யாரும் சிரிக்காததால் உடைந்தவன். துரியோதனன், ஒருத்தி சிரித்ததால் உடைந்தவன்.

ஆனால் அந்த ஒரு நாளோடு கூத்து நின்றுவிடுவதில்லை. சிறுவயதிலேயே பீமன் மேல் மூண்ட பொறாமை, பிள்ளைப் பாசத்தில் நியாயம் தவறிய தகப்பன், தூபம் போட்ட சகுனி என்று ஓர் ஆயுளையே இரவு இரவாக விரித்து வைக்கிறது. மனம் கெடுவது ஒரே நாளில் நடப்பதில்லை என்பதைக் காட்டுவதில், கூத்து மூரின் நூலைவிட ஆழமாகப் போகிறது. பாத்திர அமைப்பிலும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. ஜோக்கரிடம் கொலைகாரனும் கோமாளியும் ஒரே உடம்பில் இருக்கிறார்கள். கூத்தில் அவர்கள் இரண்டு ஆட்கள். கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்து திரைக்குப் பின்னிருந்து துரியோதனன் ஆர்ப்பரிக்க, பக்கத்திலேயே நின்று அவனைக் கிண்டலடிக்கிறான் கட்டியக்காரன். ராஜாவின் வெறியைப் பார்த்து நடுங்கும் கூட்டம், கட்டியக்காரனின் வாயால் அதே வெறியைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறது.

தி கில்லிங் ஜோக்கின் கடைசிப் பக்கங்களில் மழை பெய்துகொண்டிருக்கிறது. குணமாக உதவுகிறேன் என்று பேட்மேன் கை நீட்டுகிறான். காலம் கடந்துவிட்டது என்கிறான் ஜோக்கர். பிறகு ஒரு நகைச்சுவைத் துணுக்கு சொல்கிறான், இருவரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று நூல் சொல்லவில்லை.

படுகளம் முடிவை மறைப்பதில்லை. திடலில் மல்லாந்து கிடக்கிறது மண்ணால் செய்த துரியோதனனின் பேருருவம். கூத்தாடும் துரியோதனனைப் பீமன் அதைச் சுற்றிச் சுற்றி விரட்டுகிறான். தொடை பிளக்கிறது. சபையில் அவிழ்ந்த கூந்தலைப் பாஞ்சாலி அந்த ரத்தத்தைத் தொட்டு முடிகிறாள். அத்தனை கொடுமை செய்தவனுக்கும் ஒப்பாரி வைக்க ஆள் உண்டு. அவன் மனைவி பெருந்திருவாள் மாரடித்து அழும்போது, காலையில் அவன் சாவைக் காண வந்த பெண்களின் கண்களும் கலங்கும். கூட்டம் கலையும் நேரத்தில், சில ஊர்களில் அந்த உருவத்தின் மண்ணில் ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போவதுண்டு.