சிப்பாயின் கேள்விக்குறி

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய யுத்த எதிர்ப்புக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யுத்தத்தில் மாண்ட ஓர் இளம் சிப்பாயை நினைவுகூர இங்கே கூடியிருக்கிறோம். அவன் பெயர் வில்பிரட் ஓவன். இங்கிலாந்துக்காரன். கவிஞன். 1918 நவம்பர் 4-ம் தேதி, பிரான்சில் ஒரு கால்வாய்க் கரையில் குண்டடிபட்டு இறந்தான். வயது 25. சரியாக ஒரு வாரம் கழித்து, நவம்பர் 11-ம் தேதி முதல் உலக யுத்தம் நின்றது.

"நம்மை அடிமைப்படுத்தியிருந்த நாட்டின் பட்டாளத்து அதிகாரிக்கு நாம் ஏன் நினைவுக் கூட்டம் நடத்த வேண்டும்?" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவன் கம்யூனிஸ்ட் அல்ல. யுத்தத்துக்குப் போக மாட்டேன் என்று மறுத்தவனும் அல்ல. ஆனால், யுத்தத்தைப் பற்றி மேலிடத்தார் சொல்லிக்கொடுத்த பெரிய பொய்யை, யுத்தகளத்தை நேரில் கண்டுவந்து பொய் என்று சொன்னவன். அதற்காகவே அவனை நினைக்கிறோம்.

யார் இந்த ஓவன்?

1893 மார்ச் 18-ம் தேதி ஆஸ்வெஸ்ட்ரி என்ற ஊரில் பிறந்தான். தகப்பனார் ரயில்வே உத்தியோகஸ்தர். பையன் மெட்ரிகுலேஷன் தேறினான். உபகாரச் சம்பளம் கிடைக்கவில்லை. வீட்டில் பணம் இல்லை. சர்வகலாசாலைப் படிப்பு கனவாகப் போயிற்று. நம் வீடுகளில் நடக்கிற கதைதான். ஒரு பாதிரியாருக்கு உதவியாளனாக இருந்தான். பிறகு பிரான்சில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தான். 1915 அக்டோபரில் பட்டாளத்தில் சேர்ந்தான். மறு வருஷம் மான்செஸ்டர் ரெஜிமெண்டில் அதிகாரி ஆனான்.

மான்செஸ்டர் சீமை என்றால் பஞ்சாலைத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சீமையில், ஓல்டாம் நகரத்துப் பட்டறைகளில் செய்த நூற்பு இயந்திரங்கள்தான் கப்பலேறி இந்திய ஆலைகளுக்கு வந்தன. அந்த ரெஜிமெண்ட் ஆள் திரட்டியதும் நூல் ஆலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் நிறைந்த அந்த ஊர்களில்தான். ஆரம்பத்தில் ஓவனுக்கு அந்த ஆட்களைக் கண்டால் இளக்காரம். உணர்ச்சியற்ற கட்டைகள் என்கிற பாணியில் வீட்டுக்கு எழுதினான். அந்த இளக்காரத்தைப் பதுங்குகுழி உடைத்தது.

1917 ஜனவரியில், எதிரிகளின் வரிசைக்கும் தங்கள் வரிசைக்கும் நடுவே, தண்ணீர் நிறைந்த ஒரு குழியில், சுமார் 25 பேரோடு 50 மணி நேரம் அடைபட்டுக் கிடந்தான். மேலே குண்டு மழை. படிக்கட்டில் காவல் நின்ற சிப்பாய் குண்டு வெடித்துக் கீழே வந்து விழுந்தான்; அவன் பார்வை போய்விட்டது. அதே வசந்த காலத்தில், சிதறிப்போன சக அதிகாரி ஒருவரின் உடல் அருகே பல நாள் கிடந்த பிறகு ஓவனின் மனம் கலங்கிற்று. எடின்பரோவில் உள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். யுத்தம் வேண்டுமென்றே நீட்டப்படுகிறது என்று பகிரங்க அறிக்கை விட்ட சசூன் என்ற அதிகாரியும் அங்கேதான் வைக்கப்பட்டிருந்தார். இருவரும் நண்பர்களானார்கள். அங்கிருந்துதான் ஓவனின் பேனா உண்மையைப் பேசத் தொடங்கிற்று.

தாய்நாட்டுக்காகச் சாவது இனிமையானது என்று பழைய ரோமானியக் கவி ஒருவன் சொன்னதை அந்த நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவந்தார்கள். விஷவாயுவில் மூச்சுத் திணறிச் செத்த சிப்பாயைக் கண்ட ஓவன், அந்தப் பாடம் பொய் என்று எழுதினான். இன்னொரு கவிதையில், செத்த சிப்பாய் ஒருவன் பாதாளத்தில் தான் கொன்ற எதிரிச் சிப்பாயைச் சந்திக்கிறான். அந்த எதிரி இவனை நண்பனே என்று அழைக்கிறான்!

சுரங்கமும் போர்க்களமும்

1918 ஜனவரி 12-ம் தேதி, ஸ்டாபோர்டுஷையரில் மின்னி என்ற நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 150-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். அவர்களில் சிறுவர்களும் பலர். செய்தியைக் கேட்டதும் ஓவன் ஒரு கவிதை எழுதினான். அந்த மாதமே லண்டன் வாரப் பத்திரிகை ஒன்று அதை வெளியிட்டது. குளிர் காய்கிறவனின் அடுப்பில் எரியும் கரி, தன்னை வெட்டி எடுக்கப் போய்ச் செத்தவர்களை நினைவூட்டுகிறது. அந்தப் பிணங்களோடு யுத்தகளத்துப் பிணங்களும் வந்து சேர்ந்துகொள்கின்றன. நாளைக்கு ஊரார் அந்தக் கதகதப்பில் சுகமாக உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே புதைந்தவனை மறந்துவிடுவார்கள் என்கிறான்.

தோழர்களே, இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? சுரங்கத்தில் சாகிறவனும் போர்க்களத்தில் சாகிறவனும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் சாவில் குளிர் காய்கிறவர்கள் வேறு வீட்டுக்காரர்கள்!

கடைசி நாட்கள்

உடம்பு தேறிய ஓவன் 1918-ல் மறுபடியும் களத்துக்குப் போனான். பட்டாளத்துப் பையன்களுக்கு உதவவே வந்தேன். நல்லபடியாக நடத்திச் செல்வது ஒரு உதவி, அவர்கள் படும் பாட்டைப் பார்த்து வக்கீலைப் போல அவர்களுக்காகப் பேசுவது இன்னொரு உதவி என்று தாய்க்கு எழுதினான். அக்டோபர் மாதச் சண்டையில் அவன் காட்டிய தீரத்துக்கு ராணுவச் சிலுவைப் பதக்கம் கிடைத்தது. கோழை என்று அவனை யாரும் சொல்ல முடியாது.

அக்டோபர் 31-ம் தேதி, ஓர்ஸ் கிராமத்தில் காட்டிலாகாக்காரரின் வீட்டு நிலவறையிலிருந்து கடைசிக் கடிதம் எழுதினான். ஈர விறகுப் புகை. ஒருவன் விறகு வெட்டுகிறான். கிழட்டுச் சிப்பாய் ஒருவன் உருளைக்கிழங்கு உரித்துப் பானையில் போடுகிறான். தண்ணீர் ஓவனின் கைமேல் தெறிக்கிறது. இங்கே ஆபத்து ஒன்றும் இல்லை அம்மா என்று எழுதினான். நாலே நாளில், விடியற்காலையில், எதிர்க்கரையிலிருந்து இயந்திரத் துப்பாக்கிகள் பொழிய, கால்வாயைக் கடக்கப் பலகை போடும் ஆட்களுக்கு உதவிக்கொண்டிருக்கையில் விழுந்தான். யுத்தம் முடிந்தது என்று ஷ்ரூஸ்பரி நகரத்து மாதா கோயில் மணிகள் முழங்கிக்கொண்டிருந்த வேளையில், பெற்றோர் வீட்டுக்குத் தந்தி வந்தது.

நம் நாட்டோடும் அவனுக்கு ஒரு தொடர்பு உண்டு. கடைசியாக வீட்டைவிட்டுக் கிளம்பும்போது தாகூரின் வரிகளைச் சொல்லிவிட்டுப் போனானாம். திரும்பி வந்த அவனுடைய பையேட்டில் அந்த வரிகள் அவன் கையெழுத்தில், தாகூர் பெயரோடு இருந்தன. இதையெல்லாம் அந்தத் தாய் 1920-ல் தாகூருக்கே கடிதமாக எழுதினாள்.

அழிந்துபோன கேள்விக்குறி

ஓர்ஸ் இடுகாட்டில் அவன் கல்லறை இருக்கிறது. அதில் அவன் கவிதை வரிகளே செதுக்கப்பட்டுள்ளன. செத்த உடல்களுக்கு மறுபடி உயிர் வருமா, சாவு இல்லாமல் போகுமா என்று கவிதையில் அவன் கேட்டான். அது கேள்வி. கவிதையில் அதற்குக் கிடைக்கிற பதிலும் நம்பிக்கை தரும் பதில் அல்ல. கல்லிலோ கடைசிக் கேள்விக்குறி இல்லை. சாவு இல்லாமல் போகும் என்று அவனே உறுதி சொன்னதுபோல் நிற்கிறது!

அந்த வரிகளைக் கொடுத்தவள் தாய். பிள்ளையைப் பறிகொடுத்தவள் தேடிய ஆறுதல் அது. அவளை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் துக்கத்தால் ஒரு தாய் செய்ததை, சுயநலத்தால் செய்கிற பெரிய மனிதர்களை என்னவென்று சொல்வது? செத்த சிப்பாய் வாய் திறக்க மாட்டான் என்கிற தைரியத்தில், அவன் கேட்ட கேள்வியை அழித்துவிட்டு, தங்கள் பதிலை அவன் வாயில் வைக்கிறார்கள். மாலை போடுகிறார்கள், அடுத்த யுத்தத்துக்கு ஆள் சேர்க்கிறார்கள்!

ஓவனுக்காவது கல்லும் பெயரும் கிடைத்தன. அதே யுத்தத்தில் 74,000-க்கும் அதிகமான இந்தியச் சிப்பாய்கள் மாண்டார்கள். இராக்கில் பஸ்ரா நினைவுச் சின்னத்தில் இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் பொறித்தார்கள். சாதாரணச் சிப்பாய்களுக்கு வெறும் எண்ணிக்கை! யுத்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் கமிஷனே 2021-ல் இந்தப் பாரபட்சத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு வர நூறு வருஷம் ஆயிற்று. ஓவன் அழிந்த கேள்விக்குறியோடு கிடக்கிறான். ஏர் பிடித்த கையில் துப்பாக்கி ஏந்திப் போன நம் ஆட்களில் ஆயிரக்கணக்கானோருக்குப் பெயரே அழிந்துவிட்டது.

நாம் செய்ய வேண்டியது

உங்கள் ஊரிலும் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களை மதிப்போம். அவர்கள் வயிற்றுப் பிழைப்புக்காகப் போயிருந்தாலும் சரி, நாட்டுப் பற்றால் போயிருந்தாலும் சரி, அவர்கள் நம் பிள்ளைகள். அவர்கள் பெயரையும் வயதையும், செய்த தொழிலையும், விட்டுப்போன குடும்பத்தையும் எழுதிவைப்போம். அவர்கள் தாய்க்கும் மனைவிக்கும் பென்ஷன் ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்போம். வராவிட்டால் வாங்கிக்கொடுக்கப் போராடுவோம். மேடையேறி அந்தப் பிள்ளைகளின் பெயரால் இன்னொரு யுத்தத்துக்கு முரசு கொட்டுகிறவனைப் பார்த்துக் கேட்போம்: யாருக்காக யுத்தம்? யாருக்கு லாபம்? சாகப் போவது யார் வீட்டுப் பிள்ளை?

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த கேள்வி அல்ல. செத்தவர்கள் நம்மிடம் விட்டுச் சென்ற கேள்வி. கல்லில் இல்லாத கேள்விக்குறியை நம் நாவில் காப்போம், தோழர்களே!