வாய்ப்பூட்டுக் காசும் அசரீரிக் குரலும்

(அம்பத்தூரில் நடைபெற்ற பகுத்தறிவுக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச வேண்டுமென்று குறிக்கப்பட்டிருக்கும் விஷயம், அரசியலில் ஒருவருக்குத் தெரியாமல் அவர் பேச்சைப் பதிவு செய்வதும், வாயை மூடிக்கொண்டிருக்கப் பணம் கொடுப்பதும் சட்டத்தின் முன் எப்படி நிற்கின்றன என்பதாகும். நான் வக்கீல் அல்ல. காலேஜ் வாசலை மிதித்தவனும் அல்ல. ஆனால் சட்டப் புஸ்தகமானது, காதால் கேட்டவனுக்கு ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று சொல்லும் புஸ்தகம் அல்ல. தீர்ப்புகள் எல்லோருக்கும் படிக்கக் கிடைக்கின்றன. படித்ததைச் சொல்லுகிறேன். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

புராணங்களில் அசரீரி என்று ஒன்று வரும். உடம்பு தெரியாது, குரல் மட்டும் கேட்கும். கேட்டவன் எவனாவது, "நீ யார்? உனக்குச் சாட்சி உண்டா?" என்று கேட்டானா? கம்சன் கேட்டானா? குரல் கேட்ட மாத்திரத்தில் தங்கையின் மயிரைப் பிடித்துக் கத்தியை உருவினான் என்றுதானே கதை எழுதி வைத்திருக்கிறார்கள்? இன்று செல்போனில் வந்து விழுகிற அரசியல் ஒலிப்பதிவும் அசரீரியாகவே இருக்கிறது. நமக்கு வேண்டாத கட்சிக்காரன் குரலென்றால் கம்சனைப்போல் உடனே நம்பிவிடுகிறோம். வேண்டிய கட்சிக்காரன் என்றால், "ஜோடித்தது, ஜோடித்தது" என்று கூத்தாடுகிறோம். இரண்டும் மூடநம்பிக்கையே ஒழிய வேறென்ன?

உதாரணமாக, 2017 பிப்ரவரியில் கூவத்தூரில் ஆளுங்கட்சி சட்டசபை மெம்பர்களை ஒரு விடுதியில் கொண்டுபோய் வைத்திருந்த கதை உங்களுக்குத் தெரியும். பிப்ரவரி 18-ந் தேதி 122-க்கு 11 என்று ஓட்டெடுப்பு முடிந்தது. நாலு மாதம் கழித்து, ஜூன் 12-ந் தேதி, டெலிவிஷனில் ஒரு இரகசியப் பதிவு வெளியாயிற்று. மதுரை தெற்குத் தொகுதி மெம்பர் சரவணன் பேசுவதாக அதில் காட்டப்பட்டது. ஆதரவுக்கு விலை 2 கோடியில் தொடங்கி 6 கோடி வரை ஏறியதென்றும், சிலருக்குத் தங்கமாகக் கொடுத்தார்களென்றும் அதில் பேச்சு வந்தது. சரவணன், "அது என் குரலல்ல, குரலை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள்" என்று மறுத்தார்.

இந்த இடத்தில் புத்தியுள்ள ஒரு சபை என்ன செய்திருக்கும்? வெட்டாத முழுப் பதிவைக் கொண்டுவரச் சொல்லியிருக்கும். அவருடைய குரலைப் பதிவு செய்து, இரண்டையும் தடய விஞ்ஞானிகளிடம் கொடுத்து, ஒன்றுதானா என்று பார்த்திருக்கும். ஒன்றில்லை என்றால் அவர் மீதிருந்த பழி நீங்கியிருக்கும். ஒன்றுதான் என்றால் மேலே விசாரித்திருக்கலாம். நடந்தது என்ன? சபையில் பேசவே சபாநாயகர் அனுமதிக்கவில்லை. ஜூன் 14-ந் தேதி, கேட்ட எதிர்க்கட்சியினர் வெளியேற்றப்பட்டார்கள்.

இது எங்கோ மதுரை விவகாரம் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தக் களேபரத்தில் ஆவடி மெம்பராகவும் மந்திரியாகவும் இருந்தவர் பிப்ரவரி 11-ந் தேதி எதிர் அணிக்குப் போனார். பூந்தமல்லி மெம்பரோ, அதே ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி பதவி பறிக்கப்பட்ட 18 பேரில் ஒருவர். பணம் வாங்கியதாக அல்ல, கட்சித் தாவல் சட்டப்படி பறித்ததாகச் சொன்னார்கள். 2019 ஏப்ரல் 18-ந் தேதி இடைத்தேர்தல் ஓட்டுப்பதிவு வரையில், 19 மாதம், பூந்தமல்லி ஜனங்களுக்குச் சட்டசபையில் வாயே இல்லை. யார் யாரை விலைக்கு வாங்கினார்கள், வாங்கவில்லை என்பது தீரவில்லை. ஆனால் வரி கட்டியவன் வாய் மட்டும் நிச்சயமாக அடைபட்டது.

எதிர்க்கட்சியினரைப் புகழ்கிறேனோ என்று யாராவது நினைத்தால், அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 2023 ஏப்ரலில் அப்போதைய நிதி மந்திரி பழனிவேல் தியாகராஜன் பேசியதாக ஓர் ஒலிப்பதிவு கிளம்பிற்று. அது ஜோடிக்கப்பட்டது என்று அவர் மறுத்தார். விசாரணை வேண்டுமென்று போடப்பட்ட மனுவை சுப்ரீம் கோர்ட் 2023 ஆகஸ்டில் தள்ளிவிட்டது. 2017-இல் "பதிவைச் சோதி" என்று கத்தியவர்கள் 2023-இல் "பதிவு பொய்" என்றார்கள். 2017-இல் "பதிவு பொய்" என்றவர்கள் 2023-இல் "பதிவைச் சோதி" என்றார்கள். ஆக, இரண்டு கூட்டத்தாருக்கும் இரண்டு பாட்டும் தெரியும்.

நிற்க, சபைக்கு இதில் அதிகாரமில்லை என்று சொல்ல முடியுமா? 2005 டிசம்பர் 12-ந் தேதி, பார்லிமெண்டில் கேள்வி கேட்கப் பணம் வாங்கிய மெம்பர்களின் இரகசியப் படம் வெளியாயிற்று. பார்லிமெண்டு கமிட்டி போட்டு விசாரித்தது. டிசம்பர் 23-ந் தேதி 11 பேரை வெளியே அனுப்பிற்று. பதினோரு நாளில் 11 பேர்! அது செல்லும் என்று 2007 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. டில்லியில் பதினோரு நாளில் முடிந்த காரியம் சென்னையில் தொடங்கவே இல்லை என்றால், குறை சட்டத்திலா இருந்தது?

சட்டத்திலும் ஒரு வேடிக்கை இருந்தது. 1993 ஜூலையில் நரசிம்மராவ் மந்திரிசபை மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தபோது, ஜார்க்கண்டு மெம்பர்கள் பணம் வாங்கி ஓட்டுப் போட்டார்கள் என்று வழக்கு. 1998-இல் சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லிற்று தெரியுமா? பணம் வாங்கி, சொன்னபடி ஓட்டும் போட்டவனை வழக்குப் போட முடியாது; சபையில் போட்ட ஓட்டுக்கு அரசியல் சட்டம் பாதுகாப்புத் தருகிறது என்றது. பணம் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடாமல் விட்டவனுக்கோ பாதுகாப்பில்லை! அதாவது, லஞ்சத்தில் நாணயம் தவறாதவன் தப்பித்தான். நாணயம் தவறியவன் மாட்டினான். இதைவிடப் பெரிய தமாஷ் எந்தப் புராணத்தில் இருக்கிறது? 2024 மார்ச் 4-ந் தேதி 7 நீதிபதிகள் கூடி இதை ஒருமனதாக ரத்து செய்தார்கள். காசைக் கைநீட்டி வாங்கிய அந்த நிமிஷத்திலேயே குற்றம் முடிந்துவிட்டது. அப்புறம் எப்படி ஓட்டுப் போட்டான் என்பது கணக்கில்லை என்பது இப்போதைய சட்டம். இந்தப் புத்தி வர 26 வருஷம் ஆயிற்று.

இனி இரகசியப் பதிவுக்கு வருவோம். "சம்மதமில்லாமல் பதிவு செய்தது செல்லாது" என்று மேடைக்கு மேடை சொல்லுகிறார்கள். அது அப்படியே உண்மையல்ல. பேசுகிற இருவரில் ஒருவர் பதிவு செய்வது வேறு. மூன்றாமவன் நடுவில் புகுந்து ஒட்டுக் கேட்பது வேறு.

முதல் வகையைப் பாருங்கள். பஞ்சாபில் சர்க்கார் டாக்டர் ஒருவர், முதல் மந்திரி தம்மைப் பழிவாங்குகிறார் என்று வழக்குப் போட்டு, முதல் மந்திரியின் மனைவியோடு பேசிய பேச்சின் பதிவையே கொண்டுவந்து வைத்தார். 1963-இல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்று அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. பம்பாயில் பிண விசாரணை அதிகாரி ஒருவர் ஒரு டாக்டரிடம் டெலிபோனில் லஞ்சம் பேசினார். அந்த டாக்டரின் சம்மதத்தோடு போலீஸ் பதிவு செய்தது. 1972-இல் அதுவும் செல்லும் என்றார்கள். புருஷன் பெண்சாதி விவாகரத்து வழக்கில் ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் பதிவு செய்ததைக்கூட 2025 ஜூலை 14-ந் தேதி சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

இரண்டாவது வகையோ அப்படியல்ல. சர்க்கார் ஒட்டுக் கேட்பதற்கு 1996-இலேயே சுப்ரீம் கோர்ட் கட்டுத்திட்டம் வைத்தது. நம்முடைய சென்னை ஐகோர்ட், 2025 ஜூலை 2-ந் தேதி, 2011-இல் ஒரு லஞ்ச வழக்குக்காகப் பிறப்பித்த ஒட்டுக் கேட்கும் உத்தரவை ரத்து செய்தது. பொதுஜனப் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால்தான் கேட்கலாமே ஒழிய, சாதாரணக் குற்றத்தைக் கண்டுபிடிக்க ஒருவன் அந்தரங்கத்தில் காதை வைக்க முடியாது என்றது. லஞ்சக்காரன் தப்பிக்கிறானே என்று உங்களுக்கு ஆத்திரம் வரலாம். ஆனால் இன்று லஞ்சக்காரன் வீட்டில் வைத்த காதை நாளைக்கு நம் கூட்டத்துத் தோழர்கள் வீட்டில் வைக்கமாட்டார்கள் என்பதற்கு யார் ஜாமீன்? சர்க்கார் அல்லாத தனி ஆள் ஒட்டுக் கேட்டாலோ, 2023-ஆம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 வருஷம் வரை ஜெயில்.

பதிவு செல்லும் என்பதாலேயே அது உண்மை ஆகிவிடாது. குரல் யாருடையது, வெட்டி ஒட்டியிருக்கிறதா, காதில் தெளிவாக விழுகிறதா, இத்தனை நாள் யார் கையில் பத்திரமாக இருந்தது என்றெல்லாம் பார்க்க வேண்டுமென்று 1985-இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஒரு சாமியார் கையில் விபூதி வந்தால் சட்டைக்கையை உதறிக் காட்டச் சொல்கிறோமே, அதே வேலைதான் இது. இன்று இந்த வேலை இன்னும் அவசியம். 2018-இல் மறைந்த கலைஞர் கருணாநிதி, 2024 ஜனவரியில் ஒரு புத்தக வெளியீட்டு விழாவில் திரையில் தோன்றித் தம் குரலிலேயே வாழ்த்துச் சொன்னார். கம்ப்யூட்டர் செய்த வேலை அது. செத்தவரைப் பேசவைக்கிற இயந்திரத்துக்கு இருக்கிறவனைப் பேசவைக்க எவ்வளவு நேரமாகும்?

அதற்காகச் சட்டம் கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. 2019 ஆகஸ்டு முதல், குரல் மாதிரி கொடு என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். 2024 ஜூலை 1 முதல், பதிவுக்குக் கைரேகை போன்ற ஓர் எண்ணும், நிபுணர் கையெழுத்தும் சேர்த்துச் சான்றிதழ் வைக்க வேண்டும். ஓர் எழுத்தை மாற்றினாலும் அந்த எண் மாறிவிடும். ஆகையால், "என் குரலல்ல" என்கிற மெம்பரைப் பார்த்து, "நல்லது ஐயா, நாளைக்கு வந்து பேசிக் காட்டும்" என்று சொல்ல இன்று வழியிருக்கிறது. சொல்லத்தான் ஆளில்லை.

அடுத்தது வாய்ப்பூட்டுக் காசு. அமெரிக்காவில் டிரம்ப் மீது வந்த வழக்கைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். 2016 தேர்தலுக்கு முன் ஒரு பெண்மணி வாயை மூட அவருடைய வக்கீல் 1,30,000 டாலர் கொடுத்தார். அதே வக்கீல் தம் எஜமானன் பேச்சையும் இரகசியமாகப் பதிவு செய்து வைத்திருந்தார். அதுவும் கோர்ட்டில் போடப்பட்டது. 2024 மே 30-ந் தேதி 34 குற்றங்களிலும் குற்றவாளி என்று ஜூரிகள் சொன்னார்கள். 2025 ஜனவரியில் ஜெயிலுமில்லை, அபராதமுமில்லை என்று விட்டுவிட்டார்கள். அவர் அப்பீலும் செய்தார். கவனிக்க வேண்டியது என்னவென்றால், காசு கொடுத்ததே குற்றம் என்று வழக்கு வைக்கவில்லை. அதைத் திருப்பிக் கொடுத்தபோது "வக்கீல் பீஸ்" என்று பொய்க்கணக்கு எழுதி, தேர்தல் விஷயத்தை மறைத்ததுதான் குற்றம்.

நம் நாட்டுச் சட்டம் ஒரு விதத்தில் இதைவிடக் கடுமையானது. ஒருவனுடைய சொந்த அந்தரங்கத்தைப் பேசாதே என்று காசு கொடுத்தால் அது ஒன்று. ஆனால் ஒரு குற்றத்தை மறைக்கக் காசு வாங்கினாலும் கொடுத்தாலும் இரண்டும் குற்றம் என்று 1860-இல் எழுதிய இ.பி.கோ. 213, 214 பிரிவுகளிலேயே இருக்கிறது. 2024 முதல் நியாய சன்ஹிதாவில் 250, 251. "காசு கொடு, இல்லாவிட்டால் பதிவை வெளியிடுவேன்" என்றால் மிரட்டிப் பறித்தல், அது 308. ஆகவே லஞ்சப் பதிவை வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறவனும், லஞ்சம் வாங்கியவனும் ஒரே பந்தியில் உட்கார வேண்டியவர்கள். ஓட்டுக்குக் காசு வாங்கிவிட்டு ஐந்து வருஷம் சாக்கடையைப் பற்றிக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு நாம் நிற்கிறோமே, நம்மை எந்தப் பந்தியில் உட்கார வைப்பது என்று நீங்களே யோசியுங்கள்.

கடைசியாக, உங்களில் ஒருவருக்கு நாளைக்கே உதவக்கூடிய ஒரு சங்கதி. பட்டா மாற்றவோ, வீட்டு வரி போடவோ ஒருவன் லஞ்சம் கேட்கிறான். நீங்கள் போனில் பதிவு செய்துவிட்டீர்கள். வேறு வழியில்லாமல் கொடுத்தும் விட்டீர்கள். பதிவு இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். 2018 ஜூலை 26 முதல் லஞ்சம் கொடுப்பவனும் குற்றவாளி. 7 வருஷம் வரை போகலாம். வற்புறுத்தலால் கொடுத்தவன் 7 நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம். எட்டாவது நாள் உங்கள் பதிவு உங்களுக்கே சாட்சியாக வந்து நிற்கும். கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போனால் இன்னும் நல்லது. நோட்டில் ஒரு பொடி தடவிக் கொடுப்பார்கள்; வாங்கியவன் கையைச் சோடாக் கரைசலில் நனைத்தால் தண்ணீர் சிவக்கும். எந்தச் சாமியும் செய்யாத அற்புதம் அது. பதிவு செய்த போனை விற்காதீர்கள், அதில் உள்ளதை வெட்டாதீர்கள்; ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டு அசலை அழித்துவிடாதீர்கள்.

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். சந்தேகமுள்ளவர்கள் எழுந்து கேட்கலாம். பதில் சொல்லக் காத்திருக்கிறேன்.