ஒரு மின்சாரம், இரு விளைச்சல்

(வானொலி உரையின் எழுத்து வடிவம்)



அறுவடையில் நெல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வைக்கோலைக் களத்திலேயே விட்டுவிடுவீர்களா? மாட்டீர்கள். செலவு ஒன்று, பலன் இரண்டு. மின்சாரத்தால் வேதிப்பொருள் செய்யும் தொழிலிலும் இதே கணக்குதான்.

நம் வயலுக்கு நீர் தரும் மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்தது. 1936இல் அங்கே மேட்டூர் கெமிக்கல்ஸ் நிறுவனம் தோன்றியது. அதன் முக்கிய மூலப்பொருள் உப்பு. உப்பு நீரில் இரு மின்வாய்களை வைத்து மின்சாரம் செலுத்தினால், நேர்மின்வாயில் குளோரின் வாயு வெளிவரும். எதிர்மின்வாயின் பக்கம் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜனும் கிடைக்கும். 1 டன் குளோரினுக்குச் சுமார் 1.1 டன் காஸ்டிக் சோடா. ஒன்றை விட்டு மற்றதைச் செய்ய முடியாது. குளோரின் விலைபோகாவிட்டால் காஸ்டிக் சோடா உற்பத்தியும் முடங்கும். எனவே இரண்டுக்கும் பயன் வேண்டும்.

காஸ்டிக் சோடா சோப்புக்கும் காகிதத்துக்கும் போகிறது. உங்கள் ஆழ்குழாய்க் கிணற்றில் இறக்கிய பி.வி.சி. பொருளின் எடையில் பாதிக்கு மேல் குளோரினே. நீற்றிய சுண்ணாம்பில் குளோரினைச் செலுத்தினால் பிளீச்சிங் பவுடர் கிடைக்கும். நம் குடும்ப நலனுக்கு இத்தூளே முக்கியம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் புகுந்த கிணற்று நீரால் வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் பரவும். கலங்கிய நீரை முதலில் இறைத்துவிடுங்கள். தெளிந்து ஊறிய நீரில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல தூள் போதும். 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீரும் உள்ள கிணற்றில் சுமார் 9,400 லிட்டர் இருக்கும். அதற்கு 24 கிராம் தேவை. கலங்கல் தீராவிட்டால் கூடுதல் அளவைச் சுகாதார ஆய்வாளரிடம் கேளுங்கள்.

தூளை வாளி நீரில் கரைத்து, பத்து நிமிடம் தெளிய விடுங்கள். தெளிவை மட்டும் கிணற்றில் கலக்குங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு வேண்டாம். மாலையில் கலந்தால் காலையில் நீர் எடுக்கலாம். அவசரமானால் ஒரு மணி நேரமாவது பொறுங்கள்.

திறந்து கிடக்கும் தூள் வீரியம் இழக்கும். மூடி, ஈரம் படாமல், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். ஆசிட்டுடன் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

மழைக்கு முன்பே தூளை வாங்கி வைத்து, கிணற்றையும் அளந்து வையுங்கள்.