ஊர் கூடி இழுக்கும் தேர்



முதுகுத் தண்டுவடத் தசைநலிவு என்பது பிறவியிலேயே உடன் வரும் நோய்களுள் ஒன்று. தண்டுவடத்திலிருந்து தசைகளை ஏவும் நரம்பணுக்கள், ஒரு புரதத்தின் குறைவினால் சிறிது சிறிதாக அழிகின்றன. ஏவுவாரின்றித் தசைகள் மெலிகின்றன. ஆயினும் அறிவுக்கும் தொடுவுணர்வுக்கும் குறை நேர்வதில்லை. ஐந்தாவது குரோமோசோமில் உள்ள, இந்நோய்க்குக் காரணமான மரபணு 1995ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. தாய், தந்தை இருவரும் பழுதுற்ற மரபணுவைத் தாங்கியிருப்பின், ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு நோய் வர இடமுண்டு. உறவுக்குள் மணம் முடிக்கும் குடும்பத்தார் இதனை மனத்திற்கொள்வது நலம்.

இதனைக் குழந்தைகளின் நோய் என்றே பலரும் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று. நடக்கக் கற்ற பின்னரே தோன்றி மெல்ல வளரும் வடிவத்தை, 1956ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு மருத்துவர்களான குகல்பெர்க், வெலாண்டர் ஆகியோர் விவரித்தனர். இன்று இந்நோயுடன் கல்லூரியில் பயில்வோரும், உத்தியோகம் பார்ப்போரும், இல்லறம் நடத்துவோரும் உளர். ஆனால் பதினெட்டு வயது கடந்ததும் குழந்தை மருத்துவரின் மேற்பார்வை முடிந்துவிடுகிறது. அதன்பின் நரம்புக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர், நுரையீரலுக்கு ஒருவர் என்று நோயாளி தனித்தனியே அலைய நேர்கிறது. ஒருவர் செய்வதை மற்றவர் அறியாமையே இங்கு பெருந்தீங்கு.

ஓர் உதாரணம் கூறுவேன். காலையில் தலைவலி, பகலில் உறக்கம், இரவில் அமைதியற்ற துயில் என்று ஒருவர் முறையிடுகிறார். களைப்பு என்று எண்ணி மாத்திரை கொடுத்துவிடலாம். உண்மையில், மூச்சுத் தசைகள் தளர்ந்ததனால் இரவில் கரியமிலவாயு வெளியேறாமல் உடலில் தேங்குவதன் அறிகுறிகளாக அவை இருக்கக்கூடும். அந்நிலையில் மூச்சுக்குத் துணைபுரியும் கருவியின்றிப் பிராணவாயுவை மட்டும் செலுத்துவது ஆபத்தாகவும் முடியலாம். முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் கருவியே தக்க துணை. இருமலின் வலிமையையும் அளந்தறிதல் வேண்டும். இருமும்போது வெளிப்படும் காற்றின் உச்ச வேகம் நிமிஷத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே இறங்கினால், சளியை வெளியேற்ற உதவி தேவை. சாதாரணச் சளிக்காய்ச்சலும் அத்தகையோருக்கு உயிருக்கு ஆபத்தாகலாம்.

இவ்வாறே முதுகெலும்பு வளைந்தால் மூச்சுக்கும் இடம் குறைகிறது. சக்கர நாற்காலியில் அமரும் முறையும் மாறுகிறது. முதுகில் உலோகத் தண்டு பொருத்திய பின்னர், 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற நுசினெர்சென் மருந்தை முதுகுத் தண்டில் ஊசி வழியே செலுத்துவது கடினமாகிறது. ரிஸ்டிப்லாம் என்பது தினந்தோறும் வாய்வழி உட்கொள்ளும் மருந்து. 2021 முதல் நம் நாட்டிலும் கிடைக்கிறது. இம்மருந்துகள் நோயின் வேகத்தைத் தணிக்கின்றன. அழிந்த நரம்பணுக்களை மீட்பதில்லை. ஆகவே மருந்து கிடைத்தாலும் பிஸியோதெரபி நிபுணர், மூச்சு நிபுணர், எலும்பு மருத்துவர், உணவு ஆலோசகர், மனநல ஆலோசகர் ஆகியோரின் துணை தேவையாகவே இருக்கிறது. அனைவரையும் இணைத்து ஒரே திட்டத்தை வகுக்க நரம்பியல் மருத்துவர் ஒருவர் முன்னிற்றல் வேண்டும். அத்திட்டத்தில் முதற்சொல் நோயாளியுடையதாதல் வேண்டும். அவர் வயது வந்தவரன்றோ?

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இரண்டு செய்திகளைக் கூற விரும்புகிறேன். 2021ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் இந்நோயும் இடம்பெற்றுள்ளது. அதற்கான சிறப்பு மையங்கள் டில்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், பெங்களூர் முதலிய நகரங்களில் உள்ளன. மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை நாடெங்கும் செல்லும். ஊர் மாறுவதால் அது செல்லாதாகிவிடாது. பரிசோதனை முடிவுகள், மூச்சுக் கருவியின் அளவுகள், உண்ணும் மருந்துகள், முன் நடந்த அறுவை ஆகியவற்றை ஒரே கோப்பில் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருங்கள். மயக்க மருந்து கொடுக்க நேரின், முதலில் அக்கோப்பையே டாக்டரிடம் காட்டுங்கள். மொழி புரியாத ஊரின் ஆஸ்பத்திரியில் நள்ளிரவில் அது உங்களுக்காகப் பேசும்.

தேரை ஒருவர் இழுத்தால் அது அசையாது. ஆளுக்கொரு திசையில் இழுத்தாலும் நிலை வந்து சேராது. வடம் ஒன்றாக இருத்தல் வேண்டும். இழுக்கும் கைகள் பலவாக இருத்தல் வேண்டும்.