பெற்றவளை வாசலில் நிறுத்தாதீர்கள்



ஒரு பையன் போலீசில் மாட்டினால், ரங்கூனில் நம் தமிழர் தெருவில் முதலில் கிளம்புகிற பேச்சு என்ன? "வளர்ப்பு சரியில்லை!" அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு யாரும் கல்யாணப் பத்திரிகை வைப்பதில்லை. திருவிழா வரி கேட்க மட்டும் தவறாமல் போகிறோம்!

மியன்மாரின் 1993ஆம் ஆண்டுக் குழந்தைச் சட்டம் 7 வயதுப் பிள்ளையைக்கூடக் கூண்டில் ஏற்ற இடம் கொடுத்தது. 2019இல் வந்த குழந்தை உரிமைச் சட்டம் அந்த வயதை 10 ஆக்கியது. 18 நிரம்பாதவரெல்லாம் குழந்தை என்றது. வரவேற்கிறேன். ஆனால் வயதை ஏற்றிவிட்டால் போதுமா?

நம்மூர் டீக்கடைகளில் மேசை துடைக்கிற பையன்களைப் பாருங்கள். பலர் டெல்டா கிராமங்களிலிருந்து வந்தவர்கள். கடைதான் அவர்களுக்கு வீடு, பெஞ்சுதான் படுக்கை. அப்படி ஒருவன் கல்லாவில் கை வைத்துப் பிடிபட்டால், பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட அப்பன் வந்து சேருவானா? அவனுக்குச் செய்தி சொல்லத்தான் ஆள் உண்டா? கையெழுத்துப் போட ஆள் இருந்தால் வீடு, இல்லாவிட்டால் பிள்ளைகளைப் பூட்டி வைக்கிற பயிற்சிப் பள்ளி என்றாகிவிடக் கூடாது. குற்றம் இருவருக்கும் ஒன்றுதானே!

அந்தப் பள்ளிகளில் ஒன்று காமூவில் இருக்கிறது. மகனைப் பார்க்க ஒரு தாய் பன்சோடான் துறையில் படகேறி, அக்கரையில் டலாவில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். கையில் தூக்குச்சட்டி, அன்றைய கூலி போச்சு. மாதக்கணக்கில் அவள் வராவிட்டால், "பெற்றவளுக்கே அக்கறையில்லை" என்று யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம்!

பையனைப் பூட்டி வைக்காமல் குடும்பத்தோடு சேர்த்து வையுங்கள் என்றால், "கெடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுப்பதா?" என்று கேட்பீர்கள். அடிக்கிற தகப்பனிடம் கொடுக்கச் சொல்லவில்லை. அதே குடும்பத்தில் பாட்டி இருப்பாள், தாய்மாமன் இருப்பார், தேடுங்கள். எத்தனை ஆண்டு பூட்டி வைத்தாலும் அவன் திரும்பப்போவது அந்தத் தெருவுக்குத்தான். நியூசிலாந்தில் 1989இலேயே சட்டம் போட்டார்கள்: குடும்பம், போலீஸ், பாதிக்கப்பட்டவர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, பையன் என்ன ஈடு செய்ய வேண்டும் என்று பேசி முடிவெடுக்கிறார்கள். மாவோரி மக்கள் போராடிப் பெற்ற முறை அது. நம் ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தெரியாத வித்தையா?

கோயில் நிர்வாகிகளே, உங்களிடமே கேட்கிறேன். உண்டியலில் ஒரு பங்கை அந்தத் தாய்மாரின் வழிச்செலவுக்கு ஒதுக்குங்கள். வழக்கு நாளில் இரண்டு பேர் அவர்களோடு நீதிமன்றத்துக்குப் போங்கள். பையன் திரும்பி வந்ததும் உங்கள் கடையில் ஒரு வேலை கொடுங்கள். சம்மதிப்பவர்கள் இன்றே பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்!